அயல்நாட்டுப் போரில் இறங்கினால் அதன் விலையை யார் எழுதுவது?

உங்கள் கேள்வியை என் சொல்லில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அயல்நாட்டில் போர் நடந்தால் அதன் சூடு எப்படியும் நமக்கும் அடிக்கும். அப்படியானால் வாசலில் நின்று பார்ப்பதைவிட நாமும் இறங்கிச் சீக்கிரம் முடித்துவைப்பதுதானே பாதுகாப்பு? போர் என்றால் தொழிற்சாலைகளுக்கு வேலை வரும், பொருளாதாரம் வளரும் என்கிறார்களே, அது சரிதானா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பு ஒன்று, பொருளாதாரம் ஒன்று என்று இரண்டு கேள்விபோல இருக்கிறது. அடியில் ஒரே கேள்விதான் எனக்குத் தெரிகிறது. போரில் இறங்குவதா விடுவதா என்பதை ஒரு நாடு தானே முடிவெடுக்கலாம். இறங்கிய பிறகு அதற்கு என்ன விலை, எத்தனை காலத்துக்கு என்பதையும் அந்த நாடே முடிவெடுக்க முடியுமா?

நான் படைத்துறை ஆள் இல்லை. கொழும்புக் கோட்டையில் கடல் காப்புறுதித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். கப்பலுக்கும் சரக்குக்கும் போர் ஆபத்துக் கட்டணம் போட்டுக் கொடுத்த கை இது. அதற்கு முன்பு, 1987இல், யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அயல்நாட்டுப் படை ஒன்று நம் தெருவுக்குள் வந்து போனதைப் பார்த்த வயது அது. இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படைகளை எப்படி நகர்த்துவது, எந்த ஆயுதம் எதை வெல்லும் என்பதெல்லாம் வேறு ஆட்கள் சொல்ல வேண்டியது.

முதலில் என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போரின் விலை முதலில் எழுதப்படுவது அங்கேதான். லண்டனில் கூட்டுப் போர்க் குழு என்று ஒன்று இருக்கிறது. லொயிட்ஸ் என்ற அங்குள்ள காப்புறுதிச் சந்தைக்காரரும் மற்றக் காப்புறுதிக் கம்பனிக்காரரும் சேர்ந்த குழு. எந்தெந்தக் கடல் ஆபத்தானது என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள இடத்துக்குக் கப்பல் போவதென்றால் உரிமையாளர் முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்ட வேண்டும். அது கப்பலின் பெறுமதியில் ஒரு வீதம், பெரும்பாலும் ஏழு நாளைக்குத்தான் செல்லும். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன்: 50 மில்லியன் டொலர் பெறுமதியான கப்பலுக்கு 0.1 வீதம் என்றால் 50,000 டொலர். அதுவே 0.5 வீதமானால் கால் மில்லியன். எட்டாவது நாளும் கப்பல் அங்கேயே நின்றால் மறுபடியும் கட்ட வேண்டும். காப்புறுதியாளர் ஏழு நாள் அறிவித்தலோடு போர்க் காப்பையே ரத்துச் செய்யவும் வழி உண்டு. பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய ஐந்தில் எந்த இரண்டுக்கு இடையில் போர் மூண்டாலும் அறிவித்தல்கூட வேண்டாம், காப்பு தானாகவே முடிந்துவிடும். அந்த வாசகம் பொலிசியில் சின்ன எழுத்தில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை முதன்முறை வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

இந்தப் பட்டியல் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு ஓர் உதாரணம். ரஷ்யப் படை உக்ரைன் எல்லையைத் தாண்டியது 2022 பெப்ரவரி 24ஆம் திகதி. அந்தப் பக்கத்துக் கருங்கடலும் அசோவ் கடலும் லண்டன் பட்டியலில் ஏறியது 15ஆம் திகதி. முதல் குண்டுக்கு ஒன்பது நாள் முன்பே விலை ஏறிவிட்டது. மார்ச் மாதம் பட்டியலை இன்னும் விரித்தார்கள். ருமேனியாவுக்கும் ஜோர்ஜியாவுக்கும் பக்கத்திலிருந்த கடலும் அதற்குள் வந்தது. அந்த இரண்டு நாடுகளும் போரில் இறங்கவில்லை. ஆக, "சூடு எப்படியும் அடிக்கும்" என்று நீங்கள் சொன்னது உண்மை. ஒதுங்கி நிற்பதும் இலவசம் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு விலை, உள்ளே இறங்கியவனுக்கு வேறு விலை. இறங்கியவனுடைய துறைமுகம் குறியாகவே ஆகிவிடுகிறது.

நம் ஊரில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அது உள்நாட்டுப் போர்தான், ஆனாலும் விலை எழுதப்படும் விதம் ஒன்றேதான். 2001 ஜூலை 24 விடியற்காலை கட்டுநாயக்க விமானத் தளமும் விமான நிலையமும் தாக்கப்பட்டன. ஸ்ரீலங்கன் விமான சேவையின் மூன்று எயார்பஸ் விமானங்கள் எரிந்து போயின, வேறு சிலவும் சேதப்பட்டன. தாக்கப்பட்டது விமான நிலையம், கடலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்படியிருந்தும் கப்பல்களுக்கான போர்க் கட்டணம் லண்டனில் உடனே ஏறியது. எங்கள் கந்தோரில் ஃபெக்ஸ் மெஷின் கடதாசியைத் துப்பிக்கொண்டே இருந்தது. சில கப்பல் கம்பனிகள் கொழும்பைத் தவிர்த்தன, சில ஒவ்வொரு கொன்டெய்னருக்கும் மேலதிகப் பணம் கேட்டன.

அந்த வாரம் புறக்கோட்டையிலிருந்து ஒரு முதலாளி வந்தார். பருப்பு இறக்குமதி செய்கிறவர். கையில், இறக்குமதிக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதமான எல்.சி.யின் பிரதியும் எங்கள் காப்புறுதிப் பத்திரமும். "தம்பி, என்ட பருப்பு கடலில நிக்குது. போர்க் காப்பு இருக்குதுதானே, கடைக்கு வந்து சேரும்வரைக்கும்?" என்று கேட்டார். இருந்தது, ஆனால் கடைவரைக்கும் இல்லை. சரக்குக்கான போர்க் காப்பு நீரின் மேல் இருக்கும்போது மட்டும்தான். சாமான் கப்பலை விட்டு இறங்கியதும் அது முடிந்துவிடும். கரையில் நடக்கும் போருக்கு உலகத்தில் எந்தச் சாதாரண சரக்குப் பொலிசியும் பணம் தராது, ஏனென்றால் ஒரு நகரத்துப் பண்டகசாலைகள் எல்லாம் ஒரே இரவில் போய்விட்டால் எந்தக் கம்பனியாலும் தாங்க முடியாது. அந்த வரியை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு இன்னொருமுறை வாசித்தார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் கிலோவுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பென்சிலால் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின் முடிவு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டணத்தைக் குறைக்க அரசாங்கம் லண்டன் காப்புறுதியாளரிடம் பெருந்தொகை ஒன்றை வைப்பாகக் கட்ட வேண்டி வந்தது. அந்த வருடம் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. வரட்சி, மின்வெட்டு, உலகச் சந்தை மந்தம் எல்லாம் சேர்ந்த சுருக்கம் அது, ஒரு தாக்குதலின் தலையில் முழுவதையும் கட்ட முடியாது. ஆனால் விலை எழுதும் பேனா நம் கையில் இல்லை என்பதை அந்த வாரம் எனக்குக் காட்டியது. முதல் உறுதியான விஷயம் இதுதான்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். இதற்கு இந்தியாவைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை, ஏனென்றால் ஒரே நாடு பதினாறு வருட இடைவெளியில் இரண்டு முறை அயல் போரில் இறங்கியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்காளதேசத்தில், நடந்த கொடுமைக்குப் பயந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட ஒவ்வொரு கடிதத்துக்கும் 5 பைசா அகதி நிவாரண முத்திரை ஒட்ட வைத்தார்கள். போர் டிசம்பர் 3ஆம் திகதி தொடங்கி 16ஆம் திகதி டாக்காவில் சரணடைதலோடு முடிந்தது. அடுத்த மார்ச் நடுப்பகுதிக்குள் இந்தியப் படை வங்காளதேசத்தை விட்டு வெளியேறிவிட்டது. வந்த அகதிகளில் மிகப் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். கிழக்கு எல்லையில் இருந்த பெரும் அச்சுறுத்தலும் போனது.

1987இல் நடந்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன். ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் நம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இங்கே நடந்த போரை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் சண்டை நிறுத்தத்துக்கு 48 மணித்தியாலம், அதிலிருந்து ஆயுதங்களை ஒப்படைக்க 72 மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. ஓகஸ்ட் மாதம் எங்கள் வீதியால் வந்த இந்தியச் சிப்பாய்களுக்குச் சனம் மாலை போட்டது. என் அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், "அம்மா" என்று கூப்பிட்டு வாங்கிக் குடித்தார். ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை வெடித்தது. இரண்டாவது வாரத்தில் நாங்கள் நல்லூர்க் கோவிலில் இருந்தோம், ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு. அங்கே குடித்த கஞ்சிக்கு உப்பு இல்லை. அம்மா இரவில் மெதுவாக, "அந்தப் பொடியன் உயிரோடு இருக்கிறானோ தெரியவில்லை" என்றார். இளநீர் குடித்த சிப்பாயைத்தான் சொன்னார். அந்த மாதம் 21ஆம், 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் இளநீர் வெட்டவில்லை.

விளைவு என்ன? கிட்டத்தட்ட 1,200 இந்தியச் சிப்பாய்கள் இந்த மண்ணில் இறந்தார்கள். அவர்கள் பெயர்கள் பத்தரமுல்லைப் பக்கம் நினைவுத்தூணில் இருக்கின்றன. தெற்கில் இந்திய எதிர்ப்பை வைத்து ஜே.வி.பி. கிளர்ச்சி பெரிதாகி, பல்லாயிரக்கணக்கான இளைஞர்கள் அழிந்தார்கள். 1991 மே 21ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஆகச் சண்டையை முடிக்க வந்த நாட்டின் முன்னாள் பிரதமரே, படை திரும்பி ஒரு வருடத்துக்குப் பிறகு, தன் சொந்த மண்ணில் அதன் விலையைக் கொடுத்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் படைபலத்தில் இல்லை. 1971இல் அங்கிருந்த சனத்துக்கு அந்தப் படை வேண்டும், எதிரி யார் என்று தெளிவு, முடிவு எப்படி இருக்கும் என்று தெளிவு, போனவர்கள் திரும்பினார்கள். 1987இல் யாருக்கு எதிராக வந்தோம் என்பதே இரண்டு மாதத்தில் மாறிவிட்டது, திரும்பும் திகதி யாரிடமும் இல்லை. இது என் வாசிப்பு. இதோடு உடன்படாத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்தியா அன்று இறங்காமல் விட்டிருந்தால் வடக்கில் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் நடக்காததற்குச் சாட்சி இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991இல் இந்தியா தங்கத்தை அடகு வைக்கும் அளவுக்கு அந்நியச் செலாவணி நெருக்கடிக்குள் போனதற்கு இலங்கையில் செய்த செலவுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வளைகுடாப் போரால் ஏறிய எண்ணெய் விலையும் பல வருடமாகச் சேர்ந்த கடனும் பற்றாக்குறையும் அதற்குப் போதுமான காரணங்கள்.

கென்யாவின் கதை நம் கடற்கரை ஹோட்டல்காரர்களுக்கு நன்றாக விளங்கும். 2011இல் சோமாலியா எல்லைக்கு அண்மையில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் கடத்தப்பட்டார்கள், உதவிப் பணியாளர்களும் கடத்தப்பட்டார்கள். சுற்றுலாத் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்பது முக்கிய காரணங்களில் ஒன்றாக, அந்த வருடம் ஒக்டோபரில் கென்யப் படை சோமாலியாவுக்குள் போனது. 2013 செப்டெம்பரில் நைரோபி வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் 67 பேர் கொல்லப்பட்டார்கள். 2014 மே மாதம் பிரித்தானியச் சுற்றுலாக் கம்பனிகள் மொம்பாசாவிலிருந்து தங்கள் பயணிகளை விமானம் வைத்துத் திரும்ப அழைத்தன, கரையோர ஹோட்டல்கள் பல மூடப்பட்டன. 2015 ஏப்ரலில் கரிசா பல்கலைக்கழகத்தில் 148 உயிர்கள். எதைக் காப்பாற்றப் போனார்களோ அதையே இழந்தார்கள். போகாமல் இருந்திருந்தால் இந்தத் தாக்குதல்கள் நடந்திருக்காது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். 1998இலேயே நைரோபியில் அமெரிக்கத் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆனால் படை போன பிறகு தாக்கியவர்கள் தங்கள் காரணமாக வெளிப்படையாகச் சொன்னது அந்தப் படையைத்தான்.

ஜோர்தானின் மன்னர் ஹுசைன் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவர். 1967 மே 30ஆம் திகதி எகிப்தோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தார். ஜூன் முதல் வாரத்தில் இஸ்ரேலுக்கு எதிரான போரில் இறங்கினார். சில நாட்களுக்குள் மேற்குக் கரையும் கிழக்கு எருசலேமும் கையைவிட்டுப் போயின, இலட்சக்கணக்கான அகதிகள் வந்தார்கள், 1970இல் நாட்டுக்குள்ளேயே பலஸ்தீன இயக்கங்களோடு போர் மூண்டது. 1973இல் எகிப்தும் சிரியாவும் மறுபடி இறங்கியபோது, அவர் தன் எல்லையில் போர்முனை திறக்கவில்லை. சிரியாவின் போர்முனைக்குப் படையை அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டார். அந்தமுறை ஜோர்தான் ஓர் அங்குல நிலமும் இழக்கவில்லை. அரபு உறவுகளை முகத்தில் அடிக்காமலும் பார்த்துக்கொண்டார். முழுதாக இறங்குவதற்கும் முழுதாக ஒதுங்குவதற்கும் நடுவில் இடம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வியட்நாமை விட்டுவிட்டால் நேர்மையாக இருக்காது. கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் படை எல்லை தாண்டி வந்து வியட்நாமியக் கிராமங்களில் கொன்று குவித்தது. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் போய், 1979 ஜனவரி 7ஆம் திகதி நொம்பென்னைப் பிடித்தது. உலகத்தின் மிகக் கொடிய ஆட்சிகளில் ஒன்று அன்று விழுந்தது. அந்தச் செயலைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனாலும் விலை வந்தது. பெப்ரவரியில் சீனா வடக்கிலிருந்து அடித்தது, மேற்கு நாடுகளின் உதவியும் கடனும் நின்றன, படை அங்கே பத்து வருடம் கிடந்தது. 1989இல் வெளியே வந்த பிறகுதான் வர்த்தகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நியாயமான காரணத்துக்கு இறங்கியவனுக்குத் தள்ளுபடி எதுவும் கிடைக்கவில்லை.

இனி, போர் பொருளாதாரத்தை வளர்க்கும் என்ற பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1950இல் கொரியாவில் போர் தொடங்கியதும் ரப்பர் விலை எகிறியது. இலங்கை அந்தப் போரில் ஒரு சிப்பாயையும் அனுப்பவில்லை, ரப்பரை விற்றது. திறைசேரி நிறைந்தது. ஜப்பானும் அப்படித்தான், அமெரிக்கப் படைக்கு லொறியும் துணியும் திருத்த வேலையும் கொடுத்தே அதன் தொழிற்சாலைகள் எழுந்தன. போரால் இலாபம் வந்தது பக்கத்தில் கடை வைத்திருந்தவனுக்கு. கொரியத் தீபகற்பமோ சாம்பலானது.

அந்த இலாபமும் எத்தனை நாளைக்கு? 1952க்குள் ரப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது. அந்த வருடம் டிசம்பரில் சீனாவோடு ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தோம், வருடத்துக்கு 50,000 தொன் ரப்பருக்கு 270,000 தொன் அரிசி. அதற்காக அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அப்படியும் போதவில்லை. 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். ரயில் ஓடவில்லை, தண்டவாளங்களைக் கழற்றினார்கள், துப்பாக்கிச் சூட்டில் சனம் செத்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். போரால் வந்த செழிப்பை நிரந்தரம் என்று நம்பிச் செலவு செய்ததற்கு மூன்று வருடத்தில் வந்த பில் இது. துறைமுகத்தில் வேலை செய்த பழைய ஆட்கள் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர்கள் குரலில் எழுபது வருடப் பழைய கதையின் தொனி இருக்காது.

போரில் இறங்கிய நாட்டிலும் உற்பத்திக் கணக்கு ஏறலாம். ஒரு குண்டு செய்தாலும் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும், வெடித்த பிறகு அதிலிருந்து கழிக்க மாட்டார்கள். ஒரு கை இழந்த சிப்பாய்க்கு வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டிய ஓய்வூதியம் போர் நடக்கும் வருடத்துக் கணக்கில் தெரியாது, பிறகுதான் தெரியும். ஆயுதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கும் சிறிய நாட்டுக்கு இந்தப் பொய்யான வளர்ச்சிகூடக் கிடைக்காது, டொலர் வெளியே போவது மட்டும்தான் மிச்சம். இலாபம் என்று ஒன்று இருந்தாலும் அது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கொங்கோவுக்குள் உகண்டாவும் ருவாண்டாவும் போனபோது தங்கமும் கொல்டன் என்ற கனிமமும் மரமும் எல்லை தாண்டி வந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2001இல் எழுதி வைத்தது. அதில் பணக்காரரானவர்கள் படை அதிகாரிகளும் அவர்களுக்கு வேண்டிய வியாபாரிகளும்.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கக் கூட்டணியோடு சேர்ந்த எகிப்துக்கு அமெரிக்கா 7 பில்லியன் டொலர் அளவிலான இராணுவக் கடனை ரத்துச் செய்தது, பரிஸ் கிளப் என்ற கடன் கொடுத்த நாடுகளின் குழு மிச்சக் கடனிலும் பெரும் பகுதியைக் குறைத்தது. அதே நேரம் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அந்தப் போருக்கு எதிராக வாக்களித்த யேமன், அமெரிக்க உதவியை இழந்தது. சவூதியில் வேலை செய்த இலட்சக்கணக்கான யேமனியர்கள் வெளியேற வேண்டி வந்தது. சேர்ந்தவனுக்குப் பரிசும் சேராதவனுக்குத் தண்டனையும் கிடைத்த வழக்கு இது. ஆனால் கவனியுங்கள்: எகிப்து தனியாக இறங்கவில்லை, போர் சில வாரங்களில் முடிந்தது, குண்டு விழுந்தது எகிப்தின் மண்ணில் இல்லை. விலையை எழுதியவர்கள் அந்தமுறை எகிப்துக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள். அதே எகிப்து 2023 இறுதியிலிருந்து எந்தப் போரிலும் இறங்காமலே அடிவாங்கியது. யேமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்க, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 2023இல் 10 பில்லியன் டொலருக்கு மேல் தந்த சூயெஸ் கால்வாய் 2024இல் 4 பில்லியன் அளவுக்குத்தான் தந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டின் பெயரும் வருகிறது. 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, செங்கடல் பாதுகாப்புக்கு இலங்கைக் கடற்படைக் கப்பல் ஒன்றை அனுப்பப்போவதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் என்றும் அவரே சொன்னார். கப்பல்கள் சுற்றிப்போனால் கட்டணம் ஏறி இங்கே சாமான் விலை கூடும் என்பது அவர் காரணம். காரணம் சரியானதுதான், நான் அதே கட்டண ஏற்றத்தைத் தினமும் பார்த்தேன். ஆனால் என் தொழில் அனுபவத்தில், நம் ஒரு ரோந்துக் கப்பல் அங்கே நின்றால் லண்டன்காரர் கட்டணத்தைக் குறைத்துவிட மாட்டார். அந்த மாதங்களில் செங்கடலில் நுழையத் தயங்கிய கப்பல்களின் கொன்டெய்னர்கள் பல கொழும்பில் இறங்கி மாறின, நம் இறங்குதுறைகள் நிரம்பி வழிந்தன. அது ஒதுங்கி நின்ற துறைமுகம் என்பதால் வந்த வேலை. போரிடும் தரப்பின் துறைமுகமாகக் கொழும்பு கருதப்பட்டால் அந்தக் கொன்டெய்னர்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும்.

படை அனுப்பாமல் இடம் கொடுப்பதும் ஒருவகை இறங்கல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1971இல் இந்தியா தன் வான்பரப்பை மூடிய பிறகு, மேற்கிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. நமக்கு அது ஒரு விமான நிலைய வருமானமும் ஒரு நட்பு நாட்டுக்குச் செய்த சலுகையும். டெல்லிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. பெரிய அயலவனுக்கு அப்படித் தெரிந்த விஷயங்களுக்கு அவன் கணக்கில் வட்டி ஏறும்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இப்படி நிற்கிறது. இறங்கிய நாளிலிருந்தே காப்புறுதி, கடன் வட்டி, சுற்றுலா, முதலீடு எல்லாம் விலை ஏறும் என்பது உறுதி. அதை வெளியில் இருப்பவர்கள் எழுதுவார்கள் என்பதும் உறுதி. பாதுகாப்பு கூடுமா குறையுமா என்பது சந்தேகத்துக்கு உரியது, 1971ஐயும் 1987ஐயும் போல இரண்டு பக்கமும் போகலாம். ஒரு நாள் நம் நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு பிரேரணை வந்தால் நான் கேட்கப்போவது படையின் எண்ணிக்கையை இல்லை. அங்கே இருக்கும் சனத்துக்கு நம் படை வேண்டுமா, எது நடந்தால் வேலை முடிந்தது என்போம், முடியாவிட்டால் எந்தத் திகதியில் திரும்புவோம், இவற்றை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்பேன்.

"சீக்கிரம் முடித்துவைப்பது" என்று எழுதியிருந்தீர்கள். 1987 ஒப்பந்தத்தில் இருந்தது 72 மணித்தியாலம். கடைசி இந்தியச் சிப்பாய்கள் திருகோணமலையில் கப்பல் ஏறியது 1990 மார்ச் 24ஆம் திகதி, கிட்டத்தட்ட 32 மாதத்துக்குப் பிறகு. ஜூன் மாதம் போர் மறுபடி தொடங்கியது. அடுத்த வருடம் படகிலும் சைக்கிளிலும் லொறியிலுமாக மூன்று நாள் பயணம் செய்து நான் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன்.